கொக்கி பட்ட இடமெல்லாம்

அத்தியாயம் ஒன்பது

"ஐயோ முருகா!"

வேலாயி போட்ட சத்தத்தில், அடுப்படியில் நின்ற மாமியார் காளியாயி தேத்தண்ணிக் கோப்பையை நழுவ விட்டாள். கோப்பை உருண்டு போய் வாசற்படியில் முட்டி நின்றது.

"என்னடி? விடியக் காலையில எதுக்கு இந்தக் கத்துக் கத்துற?"

வேலாயி கணவன் கந்தப்பனின் சட்டையை முதுகுப் பக்கம் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

முதுகில் இரண்டு வரிசை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. திருவிழாவில் பூசாரி எங்கெங்கே கொக்கி மாட்டினாரோ, சரியாக அங்கங்கே சிவந்து தடித்திருந்தது. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை வெள்ளையாகச் செதில். ஓர் இடம்கூடத் தப்பவில்லை. கொக்கி படாத இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"எத்தன நாளா இப்படி இருக்கு?" என்றாள் வேலாயி.

கந்தப்பன் சட்டையைப் பிடுங்கி இறக்கினான். "மூணு நாளா. விடு. யாருகிட்டயும் சொல்லாத."

அட பாவமே! மூன்று நாளாக வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருந்தது குளிருக்கு இல்லையா!

இந்த வீட்டுச் சங்கதி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அக்கரப்பத்தனைப் பக்கம் பனிமேட்டுத் தோட்டத்தில், கோயிலுக்கு மேலே இருக்கும் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு இவர்களுடையது. கந்தப்பன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவன். போன வருடம் அவனுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் செதில் செதிலாக ஏதோ கிளம்பியது. பூசாத களிம்பு இல்லை. கடைசியில் வேலாயிதான் தை மாதத்தில் தோட்டத்து முருகன் கோயிலில் விழுந்து நேர்ந்துகொண்டாள். நோய் போய்விட்டால் பங்குனி உத்திரத்துக்கு என் புருஷன் முதுகில் கொக்கி குத்திக் காவடி எடுப்பார் என்று. நேர்ந்தது அவள், முதுகு அவனுடையது. அதைச் சொல்லி அவன் அப்போது சிரித்தான்.

மாசி முடிவதற்குள் அத்தனையும் மறைந்துபோனது. லயமே அதிசயப்பட்டது. உத்திரத்தன்று அவன் முதுகில் கொக்கி மாட்டிக் காவடி எடுத்தபோது, குலவை போட்டுத் தொண்டை கட்டியவள் வேலாயி.

அது முடிந்து இரண்டு வாரந்தான் ஆகிறது.

காளியாயி உள்ளே வந்து மகனின் சட்டையை மறுபடி தூக்கிப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. தலையில் இருந்த துண்டை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காளியாயியை அந்தத் துண்டில்லாமல் பார்த்தவர் லயத்தில் யாரும் கிடையாது. கொழுந்து எடுக்கப் போனாலும் துண்டு, படுத்தாலும் துண்டு. எல்லோரும் எழும்புவதற்கு முன்பே தண்ணிப் பீலிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிற பழக்கம் அவளுக்கு.

"நோவ எடுத்த சாமியே திருப்பிக் குடுத்துட்டான். என்னமோ குத்தம் நடந்திருக்கு." அவள் பார்வை மெதுவாக மருமகள் பக்கம் திரும்பியது. "எனக்குத் தெரியும் என்ன குத்தம்னு."

"மாமி..."

"வெரத நாள்ல நடுக்காம்பரா வீட்டு ராசம்மாவுக்கு இடுப்பு வலின்னதும் ஓடினியே! வேணாம், தீட்டு வீடு, நாம காவடி எடுக்கப் போறோம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"அவளுக்கு யாரு இருக்கா மாமி? புள்ள பாதியில நிக்கிது. ஒரு வாய் சுடுதண்ணி வச்சுக் குடுத்தேன். அது ஒரு குத்தமா?"

"ஓம் புருசன் முதுகக் கேளு, குத்தமா இல்லையான்னு!"

வேலாயிக்குத் திருப்பிச் சொல்ல வாயில் ஆயிரம் இருந்தது. ஆனால் அந்த இரண்டு வரிசையைப் பார்த்த பிறகு, உண்மையாகவே நான்தானோ என்ற பயம் புகுந்துவிட்டது.

கந்தப்பன் எழுந்து நின்றான். "ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. வெள்ளிக்கிழம பக்கத்துத் தோட்டத்துல தேரு. நான் முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவ ரெண்டு மடங்கு கொக்கி. நாக்குலயும் அலகு. குத்தம் யாரு பண்ணியிருந்தாலும் அதோட தீந்துரும்."

"அன்னைக்குத்தானே பவளத்துக்குக் காதும் குத்துறோம்?" என்றாள் வேலாயி. அவர்களுடைய நாலு வயது மகள் பவளக்கொடி, சத்தம் எதுவும் எட்டாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். தலவாக்கலையில் இருக்கும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதாக அதுவும் ஒரு நேர்த்திக்கடன்தான். இரண்டு வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணா நடக்கட்டும்" என்றான் கந்தப்பன்.

அதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது. அவன் சட்டைக் கழுத்தோரத்தில் ஒட்டியிருந்த செதிலை நேற்று ஃபெக்டரியில் பார்த்துவிட்டார்கள். தோட்டத்து டொக்டரையா தூர நின்றே சொல்லிவிட்டாராம். நுவரெலியாவுக்குப் போய்த் தோல் டொக்டரிடம் காட்டு, பெருநோய் இல்லையென்று அவர் சொன்னால்தான் இனி உனக்கு வேலை என்று.

பெருநோய்! அந்தச் சொல்லைக் கேட்டதும் வேலாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். காளியாயி அடுப்படிக்குள் போனவள் அவர்கள் புறப்படும் வரை வெளியே வரவேயில்லை.

*

தோல் டொக்டர் சிங்களவர். நரைத்த தலை, மெல்லிய குரல். இந்த வயதிலும் சீமைக்குப் போய் மேல்படிப்பு முடித்து வந்து கொஞ்ச காலந்தான் ஆகிறதாம். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்லத் தமிழில் எடுத்துச் சொன்னவள் நர்ஸ் தெரேசா மிஸ்ஸி. அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். கழுத்தில் மாதா படம் போட்ட சங்கிலி.

டொக்டர் பஞ்சைத் திரித்துக் கந்தப்பனின் முதுகில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார்.

"தொடுறது தெரியுதான்னு கேக்குறாரு, தம்பி."

"தெரியிது மிஸ்ஸி. கூசுது."

டொக்டர் தலையாட்டினார். ஒரு செதிலை மெல்லச் சுரண்டினார். அடியில் குண்டூசி முனைபோல இரத்தம் துளிர்த்தது. அவர் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. தெரேசாவிடம் ஏதோ சொன்னார்.

"பெருநோய் இல்லயாம். சத்தியமா இல்லயாம். இது யாருக்கும் ஒட்டாது. நீங்க வேலைக்குப் போகலாம்."

வேலாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டாள். கந்தப்பன் மட்டும் அசையவில்லை.

"அப்போ கொக்கி குத்தின எடத்துல மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க மிஸ்ஸி."

டொக்டர் கந்தப்பனின் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். முன்கையில் ஒரு விரல் நீளத்துக்கு நேர்க்கோடு. அதுவும் சிவந்து, செதில் கட்டியிருந்தது.

"இது எப்படி வந்துச்சுன்னு கேக்குறாரு."

"அதா? ஃபெக்டரியில ட்ரொலித் தகரம் கீறிருச்சு. திருவிழா முடிஞ்ச கையோட."

"முதுகுலயும் அதேதான் தம்பி" என்றாள் தெரேசா.

டொக்டர் மேசையின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் பேசினார். தெரேசா கொஞ்சம் கேட்டாள், கொஞ்சம் யோசித்தாள், பிறகு சொன்னாள்.

"டொக்டர் படிக்கிற காலத்துல தோல்னா வெறும் போர்வைன்னுதான் சொல்லிக் குடுத்தாங்களாம். உள்ள இருக்கிறத மூடி வைக்கிறது, அவ்வளவுதான்னு. இப்பக் கொஞ்ச வருசமாத்தான் வேற மாதிரி தெரிய வந்திருக்காம். தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறை மாதிரி இருக்கு. கலம்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அது சும்மா இருக்கிறதில்ல. காயம் பட்டா அதுவே ஆளக் கூப்புடுது."

"எந்த ஆள?"

"நம்ம ரத்தத்துல நோயோட சண்ட போடுற ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்கள." தெரேசா சற்று நிறுத்தினாள். "ஒங்க தோட்டத்துல காலையில பெரட்டுக்கு ஆள் கூப்புடத் தப்பு அடிக்கிறாங்கல்ல? தப்புச் சத்தம் கேட்டா எல்லாரும் எழும்பி ஓடுறோம். வேல முடிஞ்சா வீட்டுக்குப் போறோம். எல்லாருக்கும் தோல் அப்படித்தான். காயம் பட்டா தப்பு அடிக்கும், ஆள் வரும், ஆறினதும் நிறுத்திரும். ஒங்க தோல்ல அடிக்கிறவன் நிறுத்த மாட்டேங்கிறான். அடிச்சுக்கிட்டே இருக்கான், ஆளு வந்துக்கிட்டே இருக்கு. வந்த ஆளுங்க மறுபடி அவன உசுப்பி விடுறாங்க. அதுதான் செவக்குது, தடிக்கிது, தோல் அவசர அவசரமா வளந்து உதிருது."

டொக்டர் இன்னும் ஏதோ சேர்த்தார்.

"இது முழுசா யாருக்கும் இன்னும் வெளங்கலயாம். ஆனா ஒண்ணு நிச்சயமாம். இந்த நோவு உள்ளவங்களுக்குத் தோல்ல எங்க காயம் பட்டாலும் அங்க வரலாம். குத்தினா வரும், கீறினா வரும். பெல்ட்டு, கயிறு உரசிக்கிட்டே இருந்தாக்கூட வரும்."

வேலாயி நிமிர்ந்தாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அப்போ... நான் நேந்ததுதான் இவர இப்படி ஆக்கிருச்சா மிஸ்ஸி?"

தெரேசா இதை டொக்டருக்குச் சொல்லவில்லை. தானே பதில் சொன்னாள்.

"நோவ நீ குடுக்கல தங்கச்சி. அது அவரு ஒடம்புல ஏற்கெனவே இருந்தது. நடுவுல மறைஞ்சதுன்னு சொன்னீங்களே, அது தை மாசி வெயில் பட்டதால இருக்கலாம். நான் சாமியக் கொறை சொல்லல. நானும் மாதாவுக்கு நேந்து மெழுகுதிரி கொளுத்துறவதான். ஆனா இனிமே இந்த முதுகுல ஒரு ஊசிகூடப் படக் கூடாது."

மருந்து எழுதும்போது டொக்டர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா?

"இல்லீங்க" என்றான் கந்தப்பன். "அப்பா செத்துட்டாரு, அவரு ஒடம்புல ஒரு தழும்பு கெடையாது. அம்மாவுக்கும் ஒண்ணுமில்ல."

"புள்ளைங்க?"

"ஒரு பொம்பளப் புள்ள. அதுக்கும் ஒண்ணுமில்ல."

"சரி. இது சில குடும்பத்துல வழிவழியா வரும்னு சொல்றாரு. கவனமாப் பாத்துக்கோங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, தலவாக்கலை தாண்டியதும் வேலாயி பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"வெள்ளிக்கிழம போகலதானே?"

"சாமிகிட்ட சொன்னத எப்படி மாத்துறது?"

"மிஸ்ஸி சொன்னது ஒங்க காதுல விழல?"

"விழுந்துச்சு." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "விழுந்ததால்தான் பயமா இருக்கு."

முன்கையில் இருந்த அந்தக் கோட்டை அவன் பெருவிரலால் தடவிக்கொண்டே வந்ததை வேலாயி பார்த்தாள். அதற்கு மேல் அவனை அவள் தொந்தரவு செய்யவில்லை.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் வாசனை. வாசலுக்கு நேரே, தாம்பாளத்தில் புதுக் கொக்கிகள் மஞ்சள் தண்ணீரில் ஊறிக்கிடந்தன. பக்கத்தில் ஒரு நீள வேல், நாலைந்து எலுமிச்சங்காய். பவளம் மூலையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"பூசாரி வந்துட்டுப் போனாரு" என்றாள் காளியாயி. "இதெல்லாம் அவரு குடுத்தது. நேத்திக்கடன் பாக்கி நிக்கிறதால்தான் சாமி கோவிச்சுக்கிட்டாராம். டொக்டரு என்ன சொன்னாரு?"

"பெருநோய் இல்ல மாமி."

காளியாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இல்லயா? நெசமா இல்லயா?" இரண்டு முறை கேட்டாள். அவள் உதடு நடுங்கியதை வேலாயி சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அது மட்டுமில்ல. இனி கொக்கி குத்தவே கூடாதாம். குத்தினா குத்தின எடத்துல எல்லாம் வருமாம்."

"என்னடி சொல்ற?" காளியாயிக்குக் குரல் திரும்பிவிட்டது. "சாமிக்குக் குத்தினதால சீக்கு வந்துச்சுன்னா? தீட்ட வீட்டுக்குள்ள கொண்டாந்தவ நீ. இப்ப சாமியப் பொய்யாக்குறியா? கந்தா, நீ இவ பேச்சக் கேக்காத!"

வேலாயிக்கு வந்ததே கோபம்! காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"நான் பொய்யாக்கலங்க மாமி. நான்தான் நேந்தேன், எனக்கு இல்லாத பக்தியா ஒங்களுக்கு? ஆனா என் புருசன் முதுகு எனக்கு வேணும். இந்தக் கொக்கி வெள்ளிக்கிழம அவரு மேல ஏறணும்னா, மொதல்ல என் மேல ஏத்திட்டு ஏத்துங்க!"

"ஏய்!" காளியாயி கையை ஓங்கிவிட்டாள்.

"அம்மா."

கந்தப்பன் நடுவில் வந்து நின்றான். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி, முன்கையைத் தாயின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இதப் பாருங்க. ஃபெக்டரித் தகரம் கீறின எடம். இங்க கொக்கி குத்தல. பூசாரி கை வைக்கல. வெரதமும் இல்ல, தீட்டும் இல்ல. இங்க எப்படிம்மா வந்துச்சு?"

காளியாயி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பஸ்ஸுல வரும்போது பூரா இதத்தான் யோசிச்சேன்" என்றான் அவன். "சாமி கோவிச்சுக்கிட்டா முதுகுல காட்டட்டும். தகரம் பட்ட எடத்துல எதுக்குக் காட்டணும்? வெள்ளிக்கிழம நான் வருவேன், கும்பிடுவேன், தேரு வடம் பிடிப்பேன். கொக்கி வேணாம்."

வேலாயிக்கு அப்பாடா என்று மனசுக்குள் ஒரு பெருமூச்சு. மாமியாரைச் சமாதானப்படுத்தவே அடுத்ததைச் சொன்னாள்.

"குத்தினாத்தான்னு இல்லங்க மாமி. உரசினாக்கூட வருமாம். பெல்ட்டு கட்டுற எடம், கயிறு உரசுற எடம்..."

"என்ன?" காளியாயியின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "கயிறுன்னா சொன்னாங்க?"

"ஆமா. கயிறு உரசிக்கிட்டே இருந்தா."

காளியாயியின் கை தலைக்குப் போனது. துண்டின் முடிச்சில் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவிழ்த்தாள்.

வேலாயி பின்னால் நகர்ந்து கதவில் மோதிக்கொண்டாள்.

உச்சந்தலைக்குச் சற்று முன்னால், காதுக்குக் காது, ஒரு பட்டை. சிவந்து, தடித்து, வெள்ளைச் செதில் அடுக்கடுக்காகக் கட்டியிருந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் பதிகிற இடம். அந்த அகலம், அந்த வளைவு. அந்தப் பட்டையில் முடியே அருகிப்போயிருந்தது.

"அம்மா!" என்றான் கந்தப்பன்.

"நீ வயித்துல இருந்தப்ப வந்துச்சு." காளியாயி யாரையும் பார்க்காமல் பேசினாள். "பெருநோய்னு நெனச்சேன்டா. அந்தக் காலத்துல அப்படி ஒருத்தியப் பெருநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவ திரும்பி வரல. ஒங்கப்பாவுக்குக்கூடக் காட்டல. வெள்ளன போயி பீலியில கழுவிட்டுக் கட்டிக்குவேன். ஒனக்கு முழங்கையில வந்தப்ப தெரிஞ்சு போச்சு. நான்தான் குடுத்துட்டேன்னு."

"தெரிஞ்சுமா என் மேல பழி போட்டீங்க?" வேலாயியின் குரல் உடைந்தது. "காலையில நான் செத்துப் பொழைச்சேன் மாமி. நான்தான் காரணம்னு நம்பிட்டேன்!"

"யாராவது என் தலயப் பாத்துருவாங்களோன்னு பயம் புள்ள. ஒன் மேல போட்டா ஒன்னப் பாப்பாங்க."

அதைக் கேட்டு வேலாயிக்கு அவளை உலுக்கிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்தாள். இத்தனை வருடம், தினம் அதே இடத்தில் கயிறு, அதே இடத்தில் முப்பது இறாத்தல் கொழுந்து. கோபம் இருந்தபடியே இருந்தது. அதோடு சேர்ந்து கண்ணும் நிறைந்தது.

"பெருநோய் இல்லங்க மாமி" என்றாள். "யாரும் கொண்டு போக மாட்டாங்க. ஒட்டவும் ஒட்டாது. அது வழிவழியா வர்றது, அவ்வளவு..."

சொல்லி முடிக்கவில்லை. அந்த வார்த்தை அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

கந்தப்பனும் அவளைத்தான் பார்த்தான். இருவருக்கும் ஒரே நினைப்பு.

"பவளத்துக்கு வெள்ளிக்கிழம காது குத்த வேணாம்" என்றாள் வேலாயி அவசரமாக. "என் தம்பிக்கு நாளைக்கே ஆள் அனுப்புங்க. காது குத்துற ஆசாரியையும் வர வேணாம்னு சொல்லிருங்க. மொதல்ல மிஸ்ஸிகிட்டக் கேட்டுட்டு..."

காளியாயி துண்டை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"மாமி?"

"நேத்திக்கடன் பாக்கி இருக்குன்னு பூசாரி சொன்னாரு..." என்று முனகினாள் காளியாயி. "இன்னைக்கே முடிச்சா கந்தனுக்கு நல்லதுன்னாரு. ஆசாரி கோயிலடியில இருந்தாரு. தாய்மாமன் மடி இல்லாட்டிப் பரவாயில்லன்னு நானே மடியில வச்சு..."

மூலையில் கம்பளி அசைந்தது. பேச்சுச் சத்தத்தில் விழித்துக்கொண்ட பவளம் எழுந்து உட்கார்ந்தாள். தகப்பனைக் கண்டதும் ஓடிவந்து, அவன் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு காதிலும் புதுத் தோடு. ஓட்டையைச் சுற்றி மஞ்சளும், காய்ந்துபோன ஒரு துளி இரத்தமும்.

"பாருங்கப்பா" என்றாள் பெருமையாக. "நான் அழவே இல்ல."